கிளட்ச் இல்லாத வண்டி

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் எந்த இடத்தில் வாந்தி எடுப்பேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பேரூர்க்கடை வரை தாங்கும். கரகுளத்தில் ஏற்ற இறக்கம் தொடங்கியதும் வாயில் தண்ணீர் ஊறும். அழிக்கோடு தாண்டி ஒரு வளைவு வரும். அங்கே என் கணவர் வண்டியை ஓரம் கட்டுவார். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையை எடுத்துத் தருவார், முதுகைப் பிடித்துக்கொள்வார், பிறகு வாய் கொப்பளிக்க ஒரு மிடறு தண்ணீர். கொப்பளிக்க மட்டும்தான். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கும் தண்ணீரும் அளவுதான்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். பொன்முடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதிய என் அப்பா, வேலை முடிந்து இறங்கும்போது வித்துராவில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டார். அதில்தான் எங்கள் வீடு. கணவர் மார்த்தாண்டத்துக்காரர். நகரத்தில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் ட்ரயல் ஓட்டுவது அவர் வேலை. மெக்கானிக் வேலையை முடித்த பிறகு வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டதா, இன்னும் எங்காவது சத்தம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி ஒருவன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவான்.

ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் பல வருஷம் இருந்திருக்கிறேன். தெரிந்தபோது சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. வேலையை விட்டேன். அவரும் முழுநேர வேலையை விட்டு, நான் ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் மட்டும் சர்வீஸ் சென்டருக்குப் போனார். வாரத்தில் மூன்று நாள் வித்துராவிலிருந்து நகரத்துக்கு அவரே என்னை ஓட்டிக்கொண்டு போவார். நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் இருப்பார். பிறகு அதே வழியில் திரும்புவோம்.

அவருக்கு வண்டி என்றால் உயிர் என்று சொன்னால் தப்பு. வண்டி ஓடுகிற விதம்தான் அவருக்கு உயிர். அவர் ஊர்ப் பக்கம் வண்டி நன்றாக இழுக்கிறது என்பதை "நல்லா வலிக்குது" என்பார்கள். கல்யாணமான புதிதில் அவர் அப்படிச் சொன்னபோது, தமிழ் டீச்சரான நான் எங்கே வலிக்கிறது என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் கல்லாறில் ஒரு தேநீர் குடித்துவிட்டு அப்படியே பொன்முடி ஏறுவோம். பழைய சின்ன வண்டி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குவார். இறக்கும் அந்த நொடியில் வலது காலால் ஆக்சிலரேட்டரை ஒரு சொட்டு கொடுப்பார். எஞ்சின் வேகமும் கியர் வேகமும் ஒன்றாக வந்து சேர்ந்தால் வண்டிக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. சரியாகச் செய்தோமா என்று பார்க்க என் தலையைத்தான் பார்ப்பார். தலை முன்னால் ஆடாமல் இருந்தால் கியர் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நான் வெளியே மலையைப் பார்ப்பேன், அவர் ஓரக்கண்ணால் என் தலையைப் பார்ப்பார். எங்கள் தேனிலவு அப்படித்தான் போனது.

அதனால் நான் வண்டியில் வாந்தி எடுக்கத் தொடங்கியதும் அவர் அதைத் தன் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டார். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான்கு மணி நேரத்தில் உடம்பிலிருந்து அவ்வளவு நீரை உறிஞ்சினால் அழுத்தம் இறங்கும், குமட்டும், அதற்கு வண்டி காரணமில்லை என்றார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே கிளட்ச் பிளேட்டை மாற்றினார். பிறகு எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை. பிறகு நான்கு ஷாக் அப்சார்பர்களும் புதிது. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு அழிக்கோடு வளைவில் நிறுத்தி என் முதுகைப் பிடித்துக்கொண்டு, "கொறவு உண்டா?" என்று, குமட்டல் குறைந்திருக்கிறதா என்று கேட்பார். உண்டு என்பேன். என் சிறுநீரகத்தை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டியை ஏதாவது செய்ய முடிந்தது.

ஆட்டோமேட்டிக் என்ற பேச்சை எடுத்தது தம்பிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.

"அத்தான், நெடுமங்காட்டு டிராஃபிக் பிளாக்கில கிளட்ச மிதிச்சு மிதிச்சு விடும்போது அக்காளுக்க வயிறும் கூடவே போயிட்டு வருது. ஆட்டோமேட்டிக் எடுங்க. என்னோட வண்டியப் பாருங்க."

இவர் சிரித்தார். "அது வண்டியில்ல. லிஃப்ட்டு."

அன்று நடந்த வாக்குவாதம் சாயங்காலம் வரை நீண்டது. இப்போதைய ஆட்டோமேட்டிக் பழையது மாதிரி இல்லை, கம்ப்யூட்டர் கியர் மாற்றும் வேகத்துக்கு எந்த மனுஷனுடைய கையும் காலும் ஈடு கொடுக்காது, பந்தய வண்டிகளில்கூட இப்போது கிளட்ச் பெடல் கிடையாது என்றான் தம்பி. மைலேஜும் முன்பு போல அடிவாங்குவதில்லையாம். இவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுக்கு வளைவு தெரியாதுல்லா. ஏற்றம் வந்த பொறவுதான் ஏற்றம்னு தெரியும். எனக்கு வரதுக்கு முன்னமே தெரியும்." சுள்ளிமானூரில் ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்ய வேண்டுமானால் கால் அழுத்திய உடனே வண்டி பாய வேண்டும், அது உட்கார்ந்து யோசிக்கக் கூடாது என்றார். தம்பியின் வண்டி ஒரு தினுசு ஆட்டோமேட்டிக். உள்ளே சாதாரண கியர் பெட்டியும் கிளட்சும்தான். மிதிப்பது மட்டும் நம் கால் அல்ல, ஒரு மோட்டார்.

கடைசியில் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஆஸ்பத்திரி இல்லாத ஒரு நாளில் கல்லாறிலிருந்து பொன்முடிக்கு, முதலில் எங்கள் வண்டியில், பிறகு தம்பியின் வண்டியில். இரண்டிலும் முன் சீட்டில் நான். எது நன்றாக இழுக்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், எது உடம்புக்குச் சுகம் என்று நான் சொல்ல வேண்டும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நோய் வந்த பிறகு மலைக்குப் போயிருக்கவில்லை.

எங்கள் வண்டி வழக்கம் போல ஏறியது. அவர் அன்று எனக்காக ஓட்டவில்லை, தம்பிக்காக ஓட்டினார். அப்படியும் என் தலை ஆடவில்லை. மறுபடி கல்லாறுக்கு இறங்கி வந்து தம்பியின் வண்டியில் ஏறினேன். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி ஒரு மூச்சு நின்றது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து விடுவது போல. ஒவ்வொரு வளைவிலும் தப்பான இடத்தில் மேல் கியருக்குப் போய், இழுக்க முடியாமல் திணறி, மறுபடி கீழே இறங்கியது. என் தலை ஒவ்வொரு முறையும் முன்னால் போய் வந்தது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த என் கணவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போய் இறங்கியதும் தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

மூடுபனியாக இருந்தது. தம்பி ஆம்லெட் சாப்பிட்டான். எனக்குக் கூடாத எதையும் என் கணவர் என் முன்னால் சாப்பிடுவதில்லை. சும்மா நின்றார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. தம்பி மட்டும் விடவில்லை. இது மலிவான தினுசு, கியரே இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற தினுசு ஒன்று இருக்கிறது, அதில் மாற்றம் என்பதே கிடையாது, அதனால் குலுக்கலும் கிடையாது என்றான்.

ஜெயித்த சந்தோஷம் அவருக்கு அதிக நாள் நிலைக்கவில்லை. அடுத்து வந்த ஒரு டயாலிசிஸ் நாளில் என் அழுத்தம் ரொம்ப இறங்கிவிட்டது. காலை உயர்த்திப் படுக்கவைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். அன்று நெடுமங்காட்டில் ஏதோ ஊர்வலம். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, பாதி விட்டு, மறுபடி மிதித்து. அவர் எவ்வளவு பதமாகச் செய்தாலும் நிற்பதும் நகர்வதும் நிற்பதும் நகர்வதும்தான். வயிற்றில் எதுவும் மிச்சமில்லாமல் வெறும் பித்தமாக எடுத்தேன். பை கிழிந்து என் சேலையெல்லாம் ஆனது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் வண்டி இல்லை. சாம்பல் நிறத்தில் வேறொன்று நின்றது. பழைய கார் வியாபாரம் செய்யும் தெரிந்தவரிடம் ட்ரயலுக்கு வாங்கி வந்தேன் என்றார். தம்பி சொன்ன பெல்ட் தினுசு. ஏறி உட்கார்ந்து சீட்டைச் சாய்த்துக்கொண்டேன். கண்ணை மூடியதுதான் தெரியும். வண்டி நின்றபோது கண்ணைத் திறந்தேன். அழிக்கோடு வளைவு. அவர் கையில் பிளாஸ்டிக் பை தயாராக இருந்தது.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"வரலியா?"

"வரல."

அவர் பையை மடித்து வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வண்டியை எடுத்தார். அந்த வாரமே பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினார். பழைய வண்டியை வாங்கிப் போனவர் எங்கள் வாசலிலிருந்து எடுக்கும்போது கிளட்சை வெடுக்கென்று விட்டு எஞ்சினை அணைத்துவிட்டார். இவர் அப்போதே திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டார்.

புது வண்டி அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. குறை சொல்ல மாட்டார், தம்பி வற்புறுத்திக் கேட்டால்தான் சொல்வார். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் சத்தம் போகிறது, பிறகுதான் வண்டி போகிறது. ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. தொளிக்கோடு ஏற்றத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் அலறுகிறது, எந்த கியரில் இருக்கிறோம் என்பதற்குப் பதிலே இல்லை. "வலிவு கொறவுதான்" என்றார். "இருந்தா என்ன. நாம ஆம்புலன்ஸா ஓட்டுறோம்?"

இடது காலுக்கு வேலை இல்லாமல் போனதுதான் அவருக்குப் பெரிய சங்கடம். முதல் நாட்களில் எங்கள் வீட்டுச் சந்தில் மெதுவாக வரும்போதே அந்தக் கால் தானாக எழுந்து கிளட்சைத் தேடும். இந்த வண்டியில் கிளட்ச் இருக்க வேண்டிய இடம் வரை பிரேக் பெடல் அகலமாக இருக்கும். இடது கால் அதில் போய் விழுந்து வண்டி முட்டி நிற்கும். இரண்டு முறை அப்படி நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். பிறகு இடது காலைப் பின்னால் மடக்கி, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓட்டப் பழகினார். ஒரு காலை ஊன்றி உட்கார்ந்து பழகியவருக்கு அது இடுப்பு வலியைக் கொடுத்தது. சொல்லவில்லை. இரவில் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. வாந்தி முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் எப்போதாவதுதான். வண்டியில் தூங்கினேன். வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் கஞ்சி குடிக்க முடிந்தது. பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தேன். அவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள், நான் தமிழில் பதில் சொல்வேன். இப்படியே பல வருஷம் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்திருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றும் என் அழுத்தம் குறைவாகத்தான் இருந்தது. சீட்டைச் சாய்த்து, இடது கையை மடியில் இருந்த பையின் மேல் வைத்திருந்தேன். அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்கை மடிப்பில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் ரத்தம் வேகமாக ஓடி நரம்பு தடித்திருக்கும். அதில்தான் இரண்டு ஊசிகளையும் குத்துவார்கள். கை வைத்துப் பார்த்தால் பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருக்கும் வரைதான் அந்தக் கை உபயோகம். காலையில் எழுந்ததும் கையைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது.

கரகுளம் தாண்டியிருந்தோம். இடது பக்கத்து இடைவழியிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. மழையில் பார்க்காமல் நேராக ரோட்டுக்கு நடுவில் வந்துவிட்டாள். நான் அவளைப் பார்த்ததும் வண்டி நின்றதும் ஒன்றாக நடந்தது. அப்படி ஒரு நிற்றலை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. சுவரில் மோதியது போல. சீட் பெல்ட் பிடித்தது, ஆனால் சாய்ந்து கிடந்ததால் உடம்பு பெல்ட்டுக்குக் கீழே வழுக்கி முன்னால் போனது. கை முன்னால் போய் டாஷ்போர்டு விளிம்பில் மோதியது. பின்னால் வந்த ஆட்டோ எங்களை உரசாமல் விலகிப் போனது. ஸ்கூட்டர்ப் பெண் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை.

என் கணவர் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் இரண்டு காலும் பழைய வண்டியில் போவது போலவே போயிருந்தன. வலது கால் பிரேக்குக்கு, இடது கால் கிளட்சுக்கு. கிளட்ச் இல்லாததால் இரண்டும் பிரேக்கிலேயே விழுந்திருந்தன. கிளட்சை மிதிக்கிற முழு பலத்தோடு.

"கைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

தொட்டுப் பார்த்தேன். அதிர்வு இருந்தது. இருக்கிறது என்று சொல்லி அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். அவருக்கும் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வரை மிக மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் காலையில் எழுந்ததும் கையைக் காதோடு வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மழைச் சத்தமாக இருக்கும் என்று ஜன்னலை மூடிவிட்டு வந்து மறுபடி வைத்தேன். விரல்களால் அழுத்திப் பார்த்தேன். முந்தின நாள் வரை உறுமிக்கொண்டிருந்த இடம் கயிறு மாதிரி கெட்டியாகக் கிடந்தது. அவர் அடுப்படியில் எனக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டோடு வந்து என்னைப் பார்த்தார். என் வலது கை இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியை எடுக்க முயன்று பார்த்தார்கள். முடியவில்லை. டயாலிசிஸுக்கு என்று கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். டாக்டர் நல்ல மனுஷி. அழுத்தம் அவ்வளவு இறங்கினால் அது ஒன்றே போதும் ரத்தம் உறைவதற்கு, அடிபட்டதும் காரணமாக இருக்கலாம், இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது என்று மலையாளத்தில் விளக்கினார். என் கணவர் சடன் பிரேக்கால்தான் இது வந்ததா என்று மறுபடி கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இவர் மூன்றாவது முறையும் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று வார்டில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவர் முதல்முறையாக அதைப் பேசினார்.

"ரெண்டு காலும் போய் விழுந்துட்டு. நான் சொல்லல. அதுவாட்டுப் போச்சு. இத்தன வருசமா படிச்ச காலு. மறன்னா மறக்குமா."

"பழைய வண்டியா இருந்தாலும் சடன் பிரேக்தான போட்டிருப்பீங்க" என்றேன். "அந்தக் கொச்சுப் பிள்ள முன்னால நின்னுதே."

"போட்டிருப்பேன். அது நின்னிருக்கும். இது குத்தி நின்னுது."

வண்டியைப் பற்றி அவர் பொய் சொல்ல மாட்டார். எவ்வளவு மிதித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும், உள்ளே இருப்பவர் எவ்வளவு முன்னால் போவார் என்பதுதான் அவர் இத்தனை வருஷம் பார்த்த வேலை. பழைய வண்டியை வைத்திருந்தால் நான் வழி நெடுக வாந்தி எடுத்திருப்பேன், என் கை இருந்திருக்கும். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். தம்பிக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது. வந்தாலும் இவரோடு கிரிக்கெட் பேசுகிறான்.

அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. சர்வீஸ் சென்டரிலும் கணக்குத் தீர்த்துக்கொண்டார். அவர்கள் கூப்பிட்டார்கள், மேனுவல் வண்டி மட்டும் ஓட்டினால் போதும் என்றுகூடச் சொன்னார்களாம். இப்போதைய கால் அதையும் ஒழுங்காக ஓட்டாது என்றார் என்னிடம். ஆட்டோமேட்டிக்கில் ஓட்டி ஓட்டி இடது கால் சும்மா இருக்கப் பழகிவிட்டதாம், ஆபத்து வந்தால் மட்டும் பழைய வேலை ஞாபகம் வருகிறதாம். இது இரண்டுக்கும் ஆகாத கால் என்றார். நான் அவரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோபப்பட்டும் பார்த்தேன். நான் செத்துப்போனால் இந்தக் காரணத்தால் அல்ல, நோயால்தான் போவேன் என்று ஒரு நாள் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வலது கையில் புதிதாக ஒன்று தைத்தார்கள். நரம்பு மெலிந்தது, பெரிதாகவில்லை. இன்னும் மேலே, தோளுக்குப் பக்கத்தில் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். கழுத்துக் குழாயால் அடிக்கடி காய்ச்சல் வருகிறது. நடுக்கம் வந்து, கட்டிலே ஆடுகிற மாதிரிக் காய்ச்சல். ஒரு முறை குழாயை எடுத்துவிட்டு மறுபக்கம் போட்டார்கள். உடம்பில் இப்படிப் போடுவதற்கு எத்தனை இடம்தான் இருக்கும் என்று நான் நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் சிரித்து, அதெல்லாம் யோசிக்கக் கூடாது அம்மா என்றாள். ஊசி குத்தாததால் டயாலிசிஸ் நேரத்தில் இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. அதனால்தான் இதைப் போனில் எழுத முடிகிறது.

இப்போது வாடகை வண்டியில் போய் வருகிறோம். டிரைவர் நம் பக்கத்துக்காரர்தான், செங்கோட்டைக்காரர், மரியாதையானவர். கியரைத் தள்ளித்தள்ளிப் போடுவார். வளைவுக்குள் போன பிறகு கியர் இறக்குவார். என் கணவர் என்னோடு பின் சீட்டில் உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வார். டிரைவரிடம் எதுவும் சொல்வதில்லை. மெதுவாகப் போகச் சொல்லலாமே என்று நான் ஒரு முறை சொன்னேன். அவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார் என்றார். வாந்தி பழையபடி வருகிறது. இப்போது எங்கே வரும் என்று நிச்சயமில்லை.

போன மாதம் ஒரு காலையில் அவர் தனியாக பஸ்ஸில் நகரத்துக்குப் போனார். சொல்லாமல் போகிறவர் அல்ல. மத்தியானம் தாண்டித் திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"டயர் பாக்கப் போனேன். வண்டி நின்ன எடத்துலயே நின்னா டயர் சப்பிப் போவும். மாத்தணும்."

"கெடச்சுதா?"

"நம்ம சைஸ் இல்லியாம்."

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் மாற்றுகிற பிரிவில் வேலை பார்க்கும் பெண் என் படுக்கைப் பக்கம் வந்தபோது அவளாகவே சொன்னாள். சார் முந்தாநாள் மறுபடி வந்திருந்தார், தன் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார், அவருக்குச் சர்க்கரை அதிகம், போன முறையே முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தோம், இந்த முறை ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்றாள். அவர் முதல் முறை போனதே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நான் எதுவும் கேட்கவில்லை. அவர் ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சி வைத்தார். எனக்கு உப்பில்லாமல் எடுத்துவிட்டு, தனக்கும் உப்பில்லாமலேயே ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டோம்.